நாய் கடித்தால் நஷ்டஈடு: ஊசியோடு முடிந்துபோகும் விடயமல்ல

நாய் கடித்தால் வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட வேண்டும் என்பது நம் ஊர்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடித்த நாயின் சொந்தக்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்பது பெரியவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "ஆஸ்பத்திரியில ஊசி சும்மாதானே போட்டாங்க, பிறகென்ன நஷ்டஈடு?" என்ற ஒரே கேள்வியில் வாயடைத்துப் போகிறார்கள். நான் சட்டத்தரணி அல்ல. கிழக்கில் ஒரு பிரதேசத்தின் மத்தியஸ்த சபையில் பல வருடங்களாக உறுப்பினராக இருக்கிறேன். காணிப் பிணக்கு, கடன் பிணக்குகளுக்கு நடுவே இடைக்கிடை நாய்க்கடிப் பிணக்கும் எங்கள் மேசைக்கு வரும். அவற்றில் பல வெறுங்கையோடு திரும்பிப் போவதற்குக் காரணம் சட்டம் பலவீனமாக இருப்பதல்ல. கடிபட்டவரின் கையில் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லாததுதான்.

அரச வைத்தியசாலையில் ஊசி இலவசம் என்பது உண்மை. ஆனால் சைக்கிளில் மீன் விற்பவரைக் கெண்டைக்காலில் நாய் கடித்தால் அவர் எத்தனை நாள் மிதிக்க முடியாமல் இருப்பார்? ஊசிக்காக மட்டும் சில தடவைகள் வைத்தியசாலைக்குப் போய் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் முச்சக்கர வண்டிக் காசு, அரை நாள் கிளினிக் வரிசை. காயம் சீழ் பிடித்தால் வெளியே மருந்து வாங்க வேண்டும். நாட்கூலிக்குப் போகும் மேசனுக்கு லீவுச் சம்பளம் கிடையாது. பிள்ளையாக இருந்தால் முகத்திலோ கையிலோ தழும்பு நிற்கும். கடித்த இடத்தைத் தாண்டிக் குர்ஆன் மத்ரசாவுக்குப் போகமாட்டேன் என்று மாதக் கணக்கில் அழும். இவ்வளவையும் கடிபட்ட குடும்பம் தன் தலையில் சுமக்க, நாய் வளர்த்தவர் "கவனிக்காமப் போயிட்டம்" என்ற ஒரு வார்த்தையோடு கடந்து போவதைச் சட்டம் ஏற்றுக்கொள்வதில்லை.

இலங்கையில் இத்தகைய தீங்குகளுக்கான நஷ்டஈடு உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே வருகிறது. முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்ற வேறுபாடு இதில் இல்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம். அதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உரிமையாளரின் கவனயீனத்தை நிரூபிப்பது: வேலி உடைந்திருந்தது, கேற் திறந்து கிடந்தது, கடிக்கும் நாய் என்று தெரிந்தும் கட்டவில்லை என்று காட்ட வேண்டும். மற்றது, ரோமர் காலத்திலிருந்து வரும் 'அக்டியோ டி போப்பரி' என்ற வழக்கு. வீட்டு விலங்கு ஒன்று, தூண்டுதல் எதுவுமின்றி, தன் இனத்தின் சாதுவான இயல்புக்கு மாறாக ஒருவரைத் தாக்கினால் அதன் உரிமையாளர் பொறுப்பு. அவர் கவனமாக இருந்தாரா இல்லையா என்ற கேள்வியே எழாது. நாய் அவருடையது என்பதும், அது காரணமின்றிக் கடித்தது என்பதும் நிரூபிக்கப்பட்டால் போதும். இதே சட்ட மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1927இல் ஒரு நாய்க்கடி வழக்கில் இந்தப் பொறுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று உறுதிப்படுத்தியது. பண்டைய ரோமில் உரிமையாளர் பணம் கொடுப்பதற்குப் பதிலாக விலங்கையே பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாமாம். அந்தத் தெரிவு பின்னர் வழக்கொழிந்து போனது. கடித்த நாயை வீட்டுக்குக் கூட்டிப்போக யாருக்குத்தான் விருப்பம்!

ஆகவே "இதுக்கு முதல் இது யாரையும் கடிச்சதில்லையே" என்று உரிமையாளர் சொல்வது அனுதாபத்துக்குரிய பேச்சாக இருக்கலாம், பொறுப்பிலிருந்து விடுவிக்கும் பதில் அல்ல. அவரைக் காப்பாற்றக்கூடியவை வேறு. கடிபட்டவர் நாயைக் கல்லால் அடித்தார், வாலை மிதித்தார், குட்டியைத் தூக்கினார் என்றால் அது தூண்டுதல். களவாகவோ உரிமையின்றியோ வளவுக்குள் நுழைந்தவரும் இந்த வழக்கில் வெல்லமாட்டார். ஆனால் தபால்காரர், மின்மானி வாசிப்பவர், பொருள் விநியோகிக்க வந்தவர், அயலவரை அழைக்கக் கேற்றைத் தட்டியவர் எல்லோரும் நியாயமான காரணத்துக்காக வந்தவர்கள். 'நாய் கவனம்' என்று பலகை தொங்குவதால் மட்டும் இவர்களின் உரிமை இல்லாமல் போய்விடாது. அபாயத்தை அறிந்தும் தானாக ஏற்றுக்கொண்டார் என்று உரிமையாளர் தரப்பு வாதிட அந்தப் பலகை உதவலாம், அவ்வளவுதான்.

நான் கண்ட அளவில் பிணக்கு உண்மையில் முறியும் இடம் இவை எதுவுமல்ல. அது "எங்கட நாய் இல்ல" என்ற மூன்று சொற்கள்.

நம் நாட்டில் நாய்களில் பாதி இரண்டுங்கெட்டான் நிலையில் வாழ்பவை. ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டின் திண்ணையில் உறக்கம், தெரு முழுக்கக் காவல். கடிக்காதவரை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கடித்த மறுநாள் அது அநாதை. "நாங்க சும்மா மிச்சச் சோறு வைக்கிற, அவ்வளவுதான்" என்பார்கள். சோறு வைத்தவர் எல்லோரும் உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்பது சட்டத்திலும் சரிதான். அதனால்தான் உரிமையைக் காட்டும் சான்று முதலாவதாகத் தேவைப்படுகிறது.

இதில் ஒரு விடயத்தை வாசகர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கடித்த அன்று உரிமையாளர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பதறிப்போய் ஓடி வருவார்கள். "பயப்படாதீங்க காக்கா, எங்கட நாய்க்கு ஊசி போட்டிருக்கு, இந்தா கார்ட்" என்று தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டுவார்கள். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி போட்ட அந்த அட்டையில் வளர்ப்பவரின் பெயர் இருக்கும். வைத்தியர் கேட்கப் போகும் முதல் கேள்வியும் நாய் யாருடையது, ஊசி போட்டதா என்பதுதான். ஆகவே அட்டையைக் கேட்பதில் சண்டையும் இல்லை, சந்தேகமும் இல்லை. அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாயையும் எடுங்கள், அது கட்டப்பட்டிருக்கும் இடத்தோடு சேர்த்து. ஒரு மாதம் கழித்து நஷ்டஈட்டுப் பேச்சு வரும்போது அதே நாய் "றோட்டு நாய்" ஆகிவிடும். அன்று எடுத்த படம் மட்டும் மாறாது.

அட்டை இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி வளர்ப்பு நாய்களை உள்ளூராட்சி மன்றத்தில் வருடாந்தம் பதிய வேண்டும். நடைமுறையில் எத்தனை பேர் பதிகிறார்கள் என்பதை ஊருக்குள் நடந்து பார்த்தாலே தெரியும். ஆனாலும் பிரதேச சபையிலோ நகர சபையிலோ ஒருமுறை விசாரித்துப் பார்ப்பதில் தவறில்லை. பதிவே இல்லாத இடத்தில் அயலவர் இருவர் "இந்த நாய் இந்த வீட்டில்தான் கட்டிக்கிடக்கும்" என்று பெயர் எழுதித் தருவது பெறுமதியானது. உரிமையாளர் முகநூலில் போட்ட படமும் சான்றுதான்.

இனி, கடிபட்ட நேரத்துக்கு வருவோம். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில், குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். இங்கே நம்மவர்களுக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்ற ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தை நினைத்து, திறந்த காயத்தில் மண்ணைப் பூசிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். கிருமித் தொற்றை நாமே அழைப்பது போன்றது இது. முதலில் சவர்க்காரமும் தண்ணீரும், பிறகு வைத்தியசாலை. தூய்மை பற்றிய மார்க்கக் கேள்வியை அதன்பின் ஆலிம் ஒருவரிடம் ஆறுதலாகக் கேட்டுக்கொள்ளலாம். நீர்வெறுப்பு நோய் வெளிப்பட்டுவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. 1970களில் இந்த நாட்டில் வருடத்துக்கு நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற நோய் இது. இன்று எண்ணிக்கை மிகவும் குறைந்திருப்பதற்கு நாய்களுக்கும் மனிதருக்கும் போடும் ஊசியே பெரும் காரணம். பூனைக் கடிக்கும் கீறலுக்கும் இதே கவனம் வேண்டும். நம் வீடுகளில் நாய் இல்லை, பூனை நிறைய.

கடித்த நாயை அடித்துக் கொல்லக் கூடாது. அதைக் கட்டி வைத்து 14 நாட்கள் அவதானிக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் அது நலமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மிச்ச ஊசிகளை வைத்தியர் தீர்மானிப்பார். நாய் இறந்தால் அதன் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி சொல்வார். ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்றவர் தன் மருத்துவத்தையும் சிக்கலாக்கி, சான்றையும் புதைத்து, விலங்குகளை வதைப்பதற்கு எதிரான 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தானே எதிராளியாக நிற்க நேரிடும்.

வைத்தியசாலையில் "நாய் கடிச்சது" என்று மட்டும் சொல்லி ஊசியைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். எங்கே, எப்போது, யாருடைய நாய் என்பதையும் சொல்லுங்கள். கிளினிக் அட்டை, வார்டில் தங்கியிருந்தால் நோய் நிர்ணய அட்டை, வெளியே வாங்கிய மருந்தின் பற்றுச்சீட்டு, எல்லாம் ஒரு உறைக்குள் போகட்டும். முச்சக்கர வண்டிக்காரரிடம் ஒரு துண்டில் திகதியும் தொகையும் எழுதி வாங்கலாம். காயத்தை முதல் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று படம் எடுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு வேலைத்தலத்திலிருந்து கடிதம் கிடைக்கும். நாட்கூலிக்காரரும் சிறு வியாபாரியும் வழமையாக வேலை தருபவரிடமோ பொருள் கொடுப்பவரிடமோ எழுதி வாங்க வேண்டும். தன் தொழில் பற்றிக் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் துணையாக இருக்கும். இடையில் ஊசியைத் தவறவிட்டவரிடம் "வருத்தம் கூடினது உங்கட பிழையால்தானே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

பொலிஸ் முறைப்பாடு அடுத்தது. "நாய்க்கடிக்கெல்லாம் பொலிசா?" என்று கேட்பார்கள். ஒருவர் தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ கடுங்காயத்துக்கோ ஏற்படக்கூடிய அபாயத்தைத் தடுக்கத் தேவையான ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனயீனமாகவோ செய்யாமல் விடுவது தண்டனைச் சட்டக் கோவையின் 282ஆம் பிரிவின் கீழ் குற்றம். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் பிரதி எடுக்கலாம். காயம் பெரிதென்றால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கான படிவத்தைப் பொலிசாரிடம் கேளுங்கள். நீதவான் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 17ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்குமாறு நீதவான் கட்டளையிடலாம். ஆயினும் முழு நட்டத்தையும் கேட்கும் இடம் மாவட்ட நீதிமன்றத்தின் சிவில் வழக்குத்தான். அங்கே வைத்தியச் செலவு, இழந்த உழைப்பு, இனி வரப்போகும் சிகிச்சை என்பவற்றோடு வலி, வேதனை, உருக்குலைவு ஆகியவற்றுக்கும் தொகை கேட்கலாம்.

வழக்குக்கு முன்னால் நாங்கள் இருக்கிறோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்கு வந்து, இணக்கம் ஏற்படாவிட்டால் மட்டுமே அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் போக முடியும். எங்கள் முன் சட்டத்தரணிகள் ஆஜராவதில்லை. வார இறுதியில் பாடசாலை வகுப்பறை ஒன்றில் இரு தரப்பும் மேசைக்கு இரு பக்கமும் உட்காருவார்கள். கையில் அந்த உறை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான வித்தியாசம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். "நிறையச் செலவாகிட்டு" என்பவர் ஆயிரங்களில் பேரம் பேசப்பட்டு எழுந்து போவார். பற்றுச்சீட்டுகளை அடுக்கி வைப்பவரிடம் மறுதரப்பு பேரம் பேசுவதே குறைவு. இணங்கும்போது மொத்தத் தொகை, தவணை, ஒவ்வொரு தவணையின் திகதி எல்லாம் எழுத்தில் வர வேண்டும். "கிடைக்கும்போது தாறன்" என்பது இணக்கம் அல்ல.

பள்ளிவாசல் நிர்வாகமோ ஊர்ப் பெரியவர்களோ பேசித் தீர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. அயலவர் உறவு நீதிமன்றத்தில் மிஞ்சுவது அரிது, முற்றத்தில் மிஞ்சும். ஆனால் காயம் ஆறுவதற்கு முன்பே ஐயாயிரம் ரூபாவைக் கையில் வைத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையொப்பம் வாங்கும் அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். ஊசிகள் முடியட்டும், வைத்தியர் முடிவு சொல்லட்டும், பிறகு பேசலாம். உடனடிச் செலவுக்குப் பணம் தந்தால் 'செலவுக்கான முற்பணம்' என்று எழுதி வாங்குங்கள். உரிமையாளர் வேறு சமூகத்தவர் என்றால் இன்னொரு கவனமும் வேண்டும்: காயத்தின் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டு "அவங்கட நாய் எங்கட பிள்ளையக் கடிச்சிட்டு" என்று எழுதுவது நஷ்டஈட்டை ஒரு ரூபாவால்கூட உயர்த்தாது. பேச வந்திருக்கக்கூடியவரையும் வாய்மூட வைத்துவிடும்.

காலம் மிக முக்கியம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய நஷ்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். "தாறன், தாறன்" என்ற இழுத்தடிப்பில் இந்த இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். கடிபட்டவர் பிள்ளையாக இருந்தால், 18 வயது நிரம்பும்வரை பிள்ளையின் உரிமைக்கு அந்தக் காலம் ஓடாது. ஆனால் வாப்பாவும் உம்மாவும் செலவழித்த பணத்துக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது, சாட்சிகளும் பத்து வருடம் ஒரே தெருவில் இருக்கமாட்டார்கள்.

உண்மையாகவே சொந்தக்காரர் இல்லாத கட்டாக்காலி நாய் கடித்தால் நிலைமை கடினம். 2006ஆம் ஆண்டிலிருந்து தெரு நாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்றார்கள். அந்த வேலை எவ்வளவு தூரம் நடந்தது என்பதை நமது சந்தைகளிலும் பஸ் நிலையங்களிலும் பார்க்கலாம். உள்ளூராட்சி மன்றத்துக்கு எதிராக வழக்குப் போட நினைத்தால் அதன் கடமையையும் கவனயீனத்தையும் நிரூபிக்க வேண்டும். முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், கால வரம்பும் குறுகியது. ஆகவே தாமதியாமல் சட்டத்தரணி ஒருவரைச் சந்திக்க வேண்டும். ஒரே இடத்தில் நாய்கள் கூட்டமாகத் தொல்லை தருகின்றன என்று ஊர்மக்கள் முன்பே எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு பிரதி வைத்திருந்தால் அது பின்னொரு நாள் பெரும் உதவி. வேலை நேரத்தில், வேலையின் காரணமாகக் கடிபட்ட ஊழியருக்கு நாய் யாருடையது என்பதையும் தாண்டி, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழில்தருநரிடம் கேட்கும் வழியும் இருக்கலாம்.

இவ்வளவையும் வாசித்து "நம்மட வீட்டில நாய் இல்லையே, நமக்கு வாற காசு மட்டும்தான்" என்று யாரும் நினைத்தால், மாட்டுக் கொட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். நான் சொன்ன அதே சட்டம் மாட்டுக்கும் உண்டு. ஹஜ் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் உழ்ஹிய்யாவுக்கு வாங்கிய நாம்பன் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி ஒருவரை முட்டினால், நாய் வளர்த்தவர் நிற்கும் இடத்தில் நாம் நிற்போம். இரவில் பிரதான வீதியின் தார்ச் சூட்டில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதி விழுபவரின் கதை சற்று வேறு. வீதியில் படுப்பது மாட்டின் இயல்புக்கு மாறானதல்ல என்பதால் அங்கே உரிமையாளரின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும். ஆனால் இரவுக்கு இரவு அவிழ்த்து விடுகிறவரின் கவனயீனத்தை நிரூபிப்பது அவ்வளவு கடினமா? அங்கேயும் விபத்து நடந்த மறுநாள் மாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போய்விடுவார், காதிலோ தொடையிலோ குறி இருந்தாலும்கூட. இரவில் பிறரின் விளைநிலத்தில் இறங்கிய ஆடுகளைப் பற்றித் தாவூத், ஸுலைமான் நபிமார் தீர்ப்பளித்த சம்பவம் ஸூரா அல்-அன்பியாவில் வருவதை நாம் அறிவோம். விலங்கு செய்த நட்டத்துக்கு மனிதர் பதில் சொல்வது நமக்குப் புதிய விடயமல்ல.

வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நீதிமன்றங்களை அண்டிப் பல ஊர்களில் அதன் நிலையங்கள் இருக்கின்றன. வருமானம் குறைந்தவர் என்று காட்டினால் சட்டத்தரணியை ஏற்பாடு செய்வார்கள். போகும்போது தேசிய அடையாள அட்டை, வருமானம் பற்றிக் கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம், மத்தியஸ்த சபையின் சான்றிதழ் ஏற்கெனவே கிடைத்திருந்தால் அது, பிறகு நாயின் தடுப்பூசி அட்டையை அன்று எடுத்த படத்தின் அச்சுப் பிரதி. படம் கைபேசியிலேயே கிடந்து, கைபேசி பழுதாகிப் போன கதைகளையும் நான் கேட்டிருக்கிறேன். எடுத்த அன்றே வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.